கணக்குக் கேட்ட பயிற்சியாளர்

விழாத் தலைவர் அவர்களே, தொலைவிலிருந்து வந்து பரிசு வழங்க இசைந்த சிறப்பு விருந்தினர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, காலை முதல் வெயிலில் நின்று ஆட்டங்களை நடத்திவிட்டு இப்போதுதான் வந்தமர்ந்திருக்கும் நடுவர் பெருமக்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, வெற்றி பெற்ற, பெறாத இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் செயலாளர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அவருடைய அன்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். பொன்னாடைக்குப் பதிலாகப் பந்து கொடுங்கள் என்று பல மேடைகளில் கேட்டாயிற்று. இன்றும் பொன்னாடைதான் வந்திருக்கிறது. அதற்கும் நன்றி.

ஹங்கேரியக் கால்பந்து ஆட்டக்காரராகவும் பிறகு பயிற்சியாளராகவும் இருந்த பேலா குட்மனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்தேன்: நாடுவிட்டு நாடு போய் ஆடியது, அவர் பரப்பிய ஆட்டமுறை, அவர் போட்ட ஒப்பந்தங்கள். மூன்றுக்கும் அடியில் ஓடுவது நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட பழமொழிதான்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.

குட்மன் 1899-இல் புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர். அந்நகரத்து எம்.டி.கே. அணிக்கு ஆடி ஹங்கேரியின் சாம்பியன் பட்டம் பெற்றவர். யூத வெறுப்பு தலைதூக்கிய காலத்தில் வியன்னாவுக்குப் போய், யூதர்களின் ஹாக்கோவா அணியில் சேர்ந்தார். ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறைப் பட்டத்தை 1925-இல் அந்த அணிதான் வென்றது.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு ஹங்கேரி அணி போயிற்று. அந்தக் குழுவில் ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகளே அதிகம் என்று சொல்வார்கள். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். தங்குவதற்குப் பிடித்த விடுதி மோன்மார்த்ர் பகுதியில் இருந்தது. இரவுக் கேளிக்கைக்குப் பெயர் போன இடம். அதிகாரிகளுக்கு மிக வசதி, மறுநாள் பந்தை உதைக்க வேண்டியவனுக்கோ தூக்கமில்லை. போதாக்குறைக்கு எலிகள் வேறு. முறையிட்டுப் பார்த்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்மன் என்ன செய்தார் தெரியுமா? எலிகளைப் பிடித்து, அவற்றின் வாலில் கயிறு கட்டி, அதிகாரிகளின் அறைக் கதவுகளில் வரிசையாகத் தொங்கவிட்டார்! காலையில் கதவைத் திறந்தவர்களின் முகத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். போலந்தை 5-0 என்று வென்றிருந்த ஹங்கேரி, எகிப்திடம் 0-3 என்று தோற்று ஊர் திரும்பியது. அதன்பின் ஹங்கேரி அணியில் குட்மனுக்கு இடம் இல்லை. விடுதி பிடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

1926-இல் ஹாக்கோவா அணி அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது, நியூயார்க் போலோ மைதானத்தில் ஒரே ஆட்டத்தைக் காண 46,000 பேர் கூடினார்கள். அந்த ஊரில் காசு இருக்கிறது என்று கண்ட ஆட்டக்காரர் பலர் அங்கேயே தங்கிவிட்டனர், குட்மனும் ஒருவர். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடினார். 1929-இல் நியூயார்க் ஹாக்கோவா அணியோடு தேசியக் கோப்பையை வென்றார். சேர்த்த பணத்தை மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயக் கூடத்தில் முதலீடு செய்தார் என்பதை இளைஞர்கள் காதில் வாங்க வேண்டாம். அதே ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் கைப்பொருள் போயிற்று. உழுதவன் கணக்கு அங்கேயும் அப்படித்தான் முடிந்தது.

வியன்னாவுக்குத் திரும்பிப் பயிற்சியாளரானார். 1939-இல் ஹங்கேரியின் உய்பெஸ்ட் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். போரின்போது தந்தையும் சகோதரியும் கொல்லப்பட, கட்டாய உழைப்பு முகாமிலிருந்து 1944-இல் தப்பி உயிர் பிழைத்தார். போர் முடிந்த பஞ்ச காலத்தில் ருமேனியாவில் பயிற்சியளித்தபோது சம்பளத்தைக் காய்கறியாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். பயிற்சியாளருக்கும் அடுப்பு எரிய வேண்டும், ஐயா.

1955-இல் அவர் பயிற்சியளித்த இத்தாலியின் ஏ.சி. மிலான் அணி பட்டியலின் உச்சியில் இருந்தபோதே அவரை நீக்கினார்கள். அதன்பிறகு, அணி முதலிடத்தில் இருக்கும்வரை தம்மை நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார் என்பர். 1957-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ அணிக்கு மாநிலப் பட்டம் பெற்றுத் தந்தபோது அவர் கையாண்ட 4-2-4 முறையை, அதாவது தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்னணியில் நால்வர் என ஆடுவதை, விரித்துச் சொல்ல நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துப் பென்ஃபிகா அணிக்கு அவர் பயிற்சியளித்த காலத்துக்கு வருகிறேன். 1961-இல் பெர்ன் நகரில் பார்சிலோனாவை 3-2, 1962-இல் ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டை 5-3: அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். இளைஞர் யூசேபியோவை அந்த அணிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இவ்வளவும் செய்தவர் கூடுதல் ஊதியம் கேட்டபோது, ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று நிர்வாகம் கைவிரித்தது. குட்மன் வெளியேறினார். இனி நூறு ஆண்டுக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை இல்லை என்று அவர் சபித்ததாக ஒரு கதை உண்டு. சாபத்தை நான் நம்புகிறவன் அல்லன்; ஆனால் அதற்குப் பின் பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. 1990-இல் அப்படியோர் ஆட்டம், குட்மன் அடக்கமான அதே வியன்னாவில் நடந்தது. யூசேபியோ, குட்மனின் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டார். மிலான் 1-0 என்று வென்றது.

நம் பயிற்சியாளர்கள் சாபமும் விடுவதில்லை, கணக்கும் கேட்பதில்லை. விடிவதற்கு முன் பிள்ளைகளை ஓடவிட்டு, பிறகு தம் வேலைக்குப் போகிறார்கள். கோப்பை வந்தால் புகைப்படத்தில் ஓரத்தில் நிற்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளம், எழுத்தில் ஒப்பந்தம், நீக்குவதானால் முன்னறிவிப்பு ஆகிய மூன்றையும் மாவட்டத்தின் ஒவ்வொரு சங்கமும் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. விருந்தினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்குமாறு இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது.