சின்ன நாவல், ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, அதுல என்னதான் இருக்கு? (கேள்வி பதில்)

அடுத்த கேள்வி, கொஞ்சம் கோவமாவே கேட்டிருக்காங்க, அப்படியே படிக்கறேன். "நீங்க சொன்னீங்கன்னு கிறிஸ்துமஸ் லீவுல கிளேர் கீகனோட 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' படிச்சேன். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. ஒரு கரி வியாபாரி லாரில போறாரு வர்றாரு, டீ குடிக்கறாரு, கடைசில ஒரு பொண்ண வீட்டுக்கு கூட்டிட்டு வர்றாரு, டப்புன்னு கதை நின்னுடுது. இதுக்கா புக்கர் லிஸ்ட் வரைக்கும் போனாங்க, இல்ல எனக்குத்தான் புரியலயா?"

உங்களுக்கு புரியலன்னு நான் சொல்லமாட்டேங்க, கதை நீங்க சொன்ன அதேதான், அதுக்கு மேல சம்பவம் ஒண்ணும் கிடையாது. இன்னும் படிக்காதவங்க இருந்தா தயவுசெஞ்சு இந்த பதில தாண்டி போயிடுங்க, முடிவ தொடாம இதுக்கு பதில் சொல்லவே முடியாது.

கிளேர் கீகன் அயர்லாந்து எழுத்தாளர், 2021ல வந்த புக்கு, நூத்தி சொச்சம் பக்கம், 2022 புக்கர் பரிசு இறுதிப் பட்டியல்ல இருந்துச்சு. இந்த நாவல் நடக்கறது அயர்லாந்துல, நியூ ராஸ்னு ஒரு சின்ன ஊரு, 1985 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள். பில் ஃபர்லாங், கரியும் விறகும் விக்கறவரு, பொண்டாட்டி ஐலீன், அஞ்சு பொண்ணுங்க. ஊர்ல ஒரு கான்வென்ட், அதாவது கன்னியாஸ்திரீங்க மடம், அதுக்குள்ள ஒரு லாண்டரி, ஊர் ஹோட்டலு ஆஸ்பத்திரி துணியெல்லாம் அங்கதான் வெளுக்கறாங்க, வெள்ளை வெளேர்னு வருது, யாரு துவைக்கறாங்கன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல.

இங்கதான் பின்னணி கொஞ்சம் தெரியணும். அயர்லாந்துல மக்தலீன் லாண்டரின்னு நிஜமாவே இருந்துச்சு. கல்யாணம் ஆகாம கர்ப்பமான பொண்ணுங்க, அநாதைப் பொண்ணுங்க, வீட்டுக்கு ஆகாதவங்கன்னு முத்திரை குத்தினவங்க, இவங்கள உள்ள வச்சு சம்பளம் இல்லாம வேலை வாங்கின இடம். 1922லேர்ந்து 1996 வரைக்கும் 10,000 பேருக்கு மேல உள்ள இருந்திருக்காங்கன்னு அரசாங்க விசாரணை அறிக்கை 2013ல வந்துச்சு, அதே வருஷம் பிப்ரவரில பிரதமர் எண்டா கென்னி பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டாரு. 1996ங்க, ஏதோ இருட்டு நூற்றாண்டு இல்ல. கதை நடக்கற 1985க்கு அப்பறமும் பதினோரு வருஷம் அது ஓடியிருக்கு. புக்க தொறந்ததும் சமர்ப்பணத்துலயே அந்தப் பொண்ணுங்களயும் குழந்தைங்களயும் சொல்லிருப்பாங்க, அத வேகமா பொரட்டிட்டு போயிருந்தா கரி வியாபாரி டீ குடிக்கற கதையாத்தான் தெரியும்.

சரி, அந்த டீ சீனுக்கே வருவோம், என்னைக் கேட்டா புக்கோட உயிரே அதுதான். கான்வென்ட்டோட கரி ஷெட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்த ஒரு பொண்ண ஃபர்லாங் விடியக்காலைல கண்டுபிடிச்சு உள்ள கூட்டிட்டு போறாரு. மடத்து தலைவி மதர் சுப்பீரியர் டீ ஊத்தி குடுத்து உக்கார வைக்கறாங்க. மிரட்டலே கிடையாது. உங்க பொண்ணுங்க எப்படி படிக்கறாங்கன்னு விசாரிக்கறாங்க, எல்லாருக்கும் இடம் குடுக்கறது கஷ்டம்னு போற போக்குல சொல்றாங்க. ஊர்ல பொண்ணுங்களுக்குன்னு இருக்கற ஒரே நல்ல ஸ்கூல் அந்த கான்வென்ட்ட ஒட்டித்தான் இருக்கு, சின்னவங்க இனிமேதான் சேரணும். அப்பறம் பேர் சொல்ல ஆம்பளப் பிள்ளை இல்லயேன்னு ஒரு குத்து, ஃபர்லாங்கோட அம்மாவும் கல்யாணம் ஆகாம அவர பெத்தவங்க, என் பேரே அம்மா பேருதான்னு அவர் பதில் சொல்றாரு. கடைசில கிறிஸ்துமஸ் கார்டு, உள்ள பணம். வாங்கிக்கறாரு! அந்தப் பொண்ண அங்கயே விட்டுட்டு வந்துடறாரு. ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னீங்களே, ஒரு மனுஷன வெலைக்கு வாங்கற வேலை உங்க கண்ணு முன்னாடியே நடந்துச்சு, யாரும் குரல ஒசத்தல அவ்வளவுதான்.

இன்னொண்ணு, வேகமா போனா கண்ணுல படாது. முன்னாடி ஒரு தடவை போனப்போ, ஒரு சிஸ்டர் அவருக்கு பணம் குடுக்க வெளில வர்றாங்க, வரும்போது கதவ சாவி போட்டு பூட்டிட்டு வர்றாங்க, அந்த ரெண்டு நிமிஷத்துக்கு. ஸ்கூலுக்கும் கான்வென்ட்டுக்கும் நடுவுல உள்ள உசந்த சுவர் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு. இத பத்தி கதாசிரியர் ஒரு பாடமும் நடத்தமாட்டாங்க, ஃபர்லாங் திரும்பி வர்ற வழில அவருக்கே தாமதமா உறைக்குது, அவ்வளவுதான். சொல்லப்போனா ஹோட்டல் வச்சிருக்கற மிஸஸ் கீஹோ அவர எச்சரிக்கற இடம் மட்டும் எனக்கு கொஞ்சம் நேரடியா பட்டுச்சு, அது வரைக்கும் பூடகமா போயிட்டிருந்தத அங்க ஓபனா பேசிடறாங்க.

இப்ப முடிவு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் ஃபர்லாங் திரும்பப் போய், கரி ஷெட்டுல பாத்த அந்தப் பொண்ண கூட்டிட்டு ஊர் நடுவுல நடந்து வீட்டு வாசல் வரைக்கும் வர்றாரு, அங்க முடிஞ்சிடுது. ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்கறீங்க. உள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியுமேங்க! ஐலீன் ஏற்கனவே சொல்லிட்டா, வாழ்க்கைல முன்னேறணும்னா சிலத கண்டுக்காம போகணும்னு. பொண்ணுங்க படிப்பு போகலாம், கான்வென்ட் ஆர்டர் போகலாம், அதப் பாத்து மத்தவங்களும் கரி வாங்கறத நிறுத்தலாம். அவர் பண்ணது நல்ல காரியம், ஆனா அதுக்கான பில்ல கட்டப்போறது அவர் மட்டும் இல்ல, அந்த அஞ்சு பொண்ணுங்களும்தான், அவங்கள யாரும் கேக்கவே இல்ல. எழுதியிருந்தா ஒரு அழுகை, ஒரு சமாதானம்னு ஏதோ ஒண்ண படிச்சிட்டு நிம்மதியா மூடி வச்சிருப்பீங்க. நிறையப் பேரு இத மனசுக்கு இதமான கிறிஸ்துமஸ் கதைன்னு ரெகமெண்ட் பண்றாங்க, எனக்கு அதுல துளி உடன்பாடும் இல்ல.

லீவுல படிங்கன்னு நான் சொன்னதுக்கு காரணம், கேக் கிண்டறது, பசங்க சாண்டாவுக்கு லெட்டர் எழுதறது, இதெல்லாம் அதுல அவ்வளவு சந்தோஷமா வருது, அதே ஊர்லதான் அந்த கரி ஷெட்டும் இருக்கு. பண்டிகை மூடுல இருக்கும்போது படிச்சா ரெண்டும் சேந்து உறுத்தும். இன்னும் லீவு மிச்சம் இருந்தா ரெண்டாவது தடவை படிங்க, இந்த தடவை நெட்னு (Ned) ஒருத்தர் வர்ற இடத்த மட்டும் கவனிங்க, ஃபர்லாங் சின்னப் பையனா வளந்த வீட்ல வேலை பாத்தவரு. தன்னோட அப்பா யாருன்னு ஃபர்லாங் வாழ்க்கை பூரா தேடறாரு இல்லயா, பதில் கடைசிக்கு பக்கத்துல ஒரு பொம்பள சாதாரணமா கேக்கற ஒரு கேள்வில இருக்கு, முதல் தடவை பாதிப் பேரு அத தவற விட்டுடுவாங்க.

2024ல படமாவும் வந்துச்சு, கிலியன் மர்ஃபி நடிச்சது, அவர் நடிப்பு பிரமாதம்தான், ஆனா ரெண்டாவது வாசிப்ப முடிச்சிட்டு பாருங்க, இல்லன்னா ஃபர்லாங் மனசுக்குள்ள ஓடறதுக்கெல்லாம் அவர் மூஞ்சிதான் வந்து நிக்கும். சரி, அடுத்த கேள்விக்கு போலாம்.