கடைசி வீட்டுக் குழாய்

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஆடி மாதத் தெருக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நாளெல்லாம் வெயிலில் அலைந்த களைப்போடு வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் அவர்களே, விடியுமுன்னே எங்கள் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களே, தாய்மார்களே, வணக்கம். பந்தலுக்கு இடம் கொடுத்த அம்மன் கோயில் நிர்வாகிகளுக்கு நன்றி. எனக்கு அணிவித்த பொன்னாடையை, முன்வரிசையில் இருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குப் போர்த்தத் தலைவர் அனுமதித்தார். அவருக்கும் நன்றி.

குடிநீர், குப்பை, கொசு என்று மூன்றைப் பேசச் சொன்னார்கள். "கூழானாலும் குளித்துக் குடி" என்பார் என் பாட்டி. போன ஞாயிறு இங்கே கூழ் ஊற்றினோம். அதைக் கரைத்த தண்ணீர் எது? தெருக்குழாயோடு இணைத்த அடி பம்புத் தண்ணீர். குழாயில் தண்ணீர் ஓடாத நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்காது. அப்போது பம்பை அடித்தால், விரிசல் வழியே பக்கத்துக் கழிவுநீரும் உள்ளே இழுபடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். தெருக்கோடி வீட்டில் ஆறு வயதுக் குழந்தைக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. தாய் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தாள், அதே பம்புத் தண்ணீரில். விடிந்ததும் ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். நான் புகாரோடு ஓர் அலுவலகத்தின் படியேறினேன். "உங்கள் தெருத் தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று பதிவேட்டைக் காட்டினார்கள். அதில் பொய் இல்லை. சோதித்தது முதல் வீட்டில்! மறுநாள் ஓர் ஆய்வாளரைக் கையோடு அழைத்துவந்தேன். முதல் வீட்டுத் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து மருந்து சொட்டினார். மஞ்சள் நிறம் வந்தது. கடைசி வீட்டுத் தண்ணீரிலும் சொட்டினார். காத்திருந்தோம். நிறம் மாறவே இல்லை. கிருமியைக் கொல்லும் குளோரின் துளியும் இல்லை. சுற்றி நின்ற பெண்கள் வாய் திறக்கவில்லை. குழந்தையின் பாட்டி மட்டும் அந்தக் கண்ணாடிக் குழாயை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோண்டினார்கள். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் மண்கூட இல்லை.

1688இல் தொடங்கிய மாநகராட்சி நம்முடையது. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம்; சில நிமிடம் போதும்.

கொசுவுக்கு வருகிறேன். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீர் எப்போது வருமோ என்று நாம் டிரம்மில் பிடித்து வைக்கிறோமே, அதுதான் அதற்குத் தொட்டில். ஆகவே கொசுவும் குழாயில்தான் வந்து நிற்கிறது. குப்பையைப் பற்றி, குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே வாழும் கொடுங்கையூர்க்காரர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

கூழானாலும் குளித்துக் குடி என்ற ஊரில், குடிக்கிற தண்ணீரே கேள்வியாக நிற்கலாமா? ஆய்வாளர் அவர்களே, நாங்கள் கேட்பது ஒன்றே. வாரம் இருமுறை கடைசி வீட்டில், பெண்கள் முன்னிலையில் சோதியுங்கள். அளவைத் தெருமுனைக் கரும்பலகையில் எழுதுங்கள். பலகையை நாங்கள் வாங்கிவிட்டோம். பந்தல் காலில் சாய்த்து வைத்திருக்கிறோம். மனு மாமன்ற உறுப்பினர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. கையெழுத்திடாத தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் அங்கே வாருங்கள்.