அடக்கம் செய்த உடலை இடம் மாற்ற யாருடைய அனுமதி வேண்டும்?

(காட்சி: கல்லறைத் தோட்டத்தின் பழைய பதிவேடு. ஒரு விரல் பெயர்களின் மேல் மெல்ல நகர்கிறது.)

அடக்கம் செய்த ஒருவரின் எச்சங்களை எடுத்து வேறிடத்தில் வைக்க விரும்பும் குடும்பத்தினர், கல்லறை இடத்துக்குப் பணம் கட்டிய ரசீதைத்தான் பெரும்பாலும் முதலில் தேடுகிறார்கள். அந்த ரசீது நிலத்தைப் பற்றியது; உள்ளே இருப்பவரைப் பற்றியதன்று. இறந்தவரின் உடல் எவருக்கும் சொத்தாகாது என்பது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அடக்கம் செய்யும் பொறுப்பு குடும்பத்துக்கு உண்டு, ஆனால் அடக்கம் முடிந்தபின் அந்த உடலை மீண்டும் வெளியே எடுக்கும் உரிமை தானாக அவர்களுக்கு வந்துவிடுவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் இதையே வலியுறுத்தியது. காவல் துறையால் அடக்கம் செய்யப்பட்ட மகனின் உடலைத் தோண்டியெடுத்துத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தந்தை ஒருவர் கேட்டபோது, அடக்கமான உடல் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதப்படும் என்றும், அதை எடுப்பது உரிமையாகக் கோரக்கூடியதன்று என்றும் கூறி நீதிமன்றம் மறுத்தது. அத்தந்தையின் துயரத்தை நினைத்தால் தீர்ப்பு கடுமையாகத் தோன்றும். ஆயினும் பல மாதங்கள் கடந்த உடல் எந்த நிலையில் இருக்கும் என்பதும் அங்கே எடை போடப்பட்டது.

(காட்சி: இரண்டு கல்லறைகள், நடுவே ஒரு நடைபாதை.)

இங்கிலாந்தில் அனுமதி தருபவர் யார் என்பதை நிலமே தீர்மானிக்கிறது. 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி எச்சங்களை எடுப்பது குற்றம். இங்கிலாந்துத் திருச்சபை சடங்கு செய்து புனிதப்படுத்திய நிலமானால் திருச்சபை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். மற்ற நிலமானால் நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். ஒரே கல்லறைத் தோட்டத்தில் நடைபாதையின் இந்தப் பக்கம் ஒரு விதியும் அந்தப் பக்கம் வேறொரு விதியும் இருக்கக்கூடும் என்பதால், விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பே பதிவேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

திருச்சபை நீதிமன்றங்கள் அடக்கத்தை இறுதியானதாகவே கருதுகின்றன. விதிவிலக்கான காரணம் இருந்தால்தான் இணங்குகின்றன. 2002இல் வந்த முக்கியமான ஒரு தீர்ப்பு அந்தக் காரணங்களை ஆராய்ந்தது. தவறான இடத்தில் அடக்கம் செய்துவிட்டது ஏற்கத்தக்க காரணமாகலாம். பெற்றோரும் பிள்ளையும் ஒரே குடும்பக் கல்லறையில் சேர்வதும் அப்படியே. வீடு மாறிவிட்டோம், கல்லறைக்குப் போய்வர முடியவில்லை என்பது மட்டும் பொதுவாகப் போதாது. பிரிந்த குடும்பங்களின் பூசலுக்கு இறந்தவர் ஆளாகிவிடக் கூடாதே என்பதற்காக, இந்தக் கண்டிப்பு தேவை என்றே நான் கருதுகிறேன்.

இறப்பின் காரணத்தில் ஐயம் எழுந்தால் வழி வேறு. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்கீழ், காரணத்தைக் கண்டறிய மாஜிஸ்திரேட் உடலைத் தோண்டியெடுத்து ஆய்வு செய்விக்கலாம்.

(காட்சி: விடியற்காலை. கல்லறையைச் சுற்றி உயரமான திரைத் தட்டிகள்.)

அனுமதி கிடைத்தபின் நடக்கும் வேலை மிகுந்த பொறுமையைக் கேட்பது. பிறர் பார்வையில் படாதபடி மறைப்பு கட்டப்படுகிறது. பக்கத்துக் கல்லறைகள் குலையக் கூடாது. ஆழம் நெருங்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் மண்ணை எடுக்கிறார்கள், ஏனெனில் மரப்பெட்டி மக்கிப்போய், ஈர மண்ணில் கறுத்த ஒரு கோடாக மட்டுமே மிஞ்சியிருக்கலாம். பெயர்த்தகடு கிடைத்தால் அதைத் துடைத்து, ஆணையில் உள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறார்கள். விரல் எலும்புகள் கூழாங்கல் அளவே இருப்பதால், மண்ணைச் சலித்து அவற்றையும் சேர்த்த பிறகே புதிய பெட்டி மூடப்பட வேண்டும்.

விண்ணப்பிப்போர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எச்சங்கள் எந்த ஆணையின்படி, எந்த நாளில், எங்கே கொண்டுசெல்லப்பட்டன என்பது பழைய பதிவேட்டின் அதே வரியில் எழுதப்பட்டதா என்று, அங்கிருந்து கிளம்பும் முன் நேரில் பாருங்கள். பிற்காலத்தில் பேரப்பிள்ளை ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து தேடக்கூடும்.