ஓடியவரே பெரியவர்: ஒரு பட்டிமன்றப் பேச்சு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் மிடுக்காக அமர்ந்திருக்கும் ஹோம் ரன் ரசிகர்களே, சாம்பார் ஆறுவதற்குள் இவர்கள் பேசி முடிப்பார்களா என்று சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் சியாட்டில் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பை நடுவர் வாசித்தபோது எல்லோரும் கேட்டீர்கள். 'நாம் நேரில் கண்ட பேஸ்பால் வீரர்களில் பெரியவர், ஓங்கி அடித்தவரா, ஓடிக் களம் காத்தவரா?' இதில் எதிரணித் தலைவர் வசதியாக விட்டுவிட்ட சொல் ஒன்று இருக்கிறது. நேரில்! ஐயா பத்து நிமிடம் பேசினார். அதில் ஒன்பது நிமிடம் மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல், வாழ்நாளில் யார் எத்தனை ஹோம் ரன் அடித்தார், அதாவது நம் கிரிக்கெட் சிக்ஸர்போல் எத்தனை பந்தை வேலி தாண்டி அனுப்பினார் என்ற எண்களை வாசித்தார். பேரி பாண்ட்ஸ் 762, பேப் ரூத் 714, கென் கிரிஃபி ஜூனியர் 630. பேப் ரூத் ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்றது 1935இல். அவரை நேரில் பார்த்தேன் என்று எதிரணித் தலைவர் சொல்வாரானால், முதலில் அவருடைய வயதை இந்த அவை விசாரிக்க வேண்டும். தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார் என்று தெரியும். இவ்வளவு மறைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

எண்களை வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். வண்டி நிறுத்தக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, படியேறிப் போய் உட்கார்கிறோமே, அங்கே கண்ணுக்குக் கிடைப்பது என்ன? அதுதான் இன்றைய வழக்கு.

ஹோம் ரன்னை நேரில் பார்த்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். மட்டையில் 'டப்' என்று ஒரு சத்தம். முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தெரிவது ஒரு தொப்பி, ஒரு முதுகு, ஒரு பாப்கார்ன் வாளி. பந்து எங்கே போயிற்று என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறீர்கள். அவரும் உங்களைத்தான் கேட்கிறார். பிறகு இருவரும் பெரிய திரையில் மறுபடி காட்டுவதைப் பார்த்துக் கைதட்டுகிறீர்கள். திரையில் பார்ப்பதற்கு மைதானம் எதற்கு?

பாண்ட்ஸைப் பற்றி எதிரணித் தலைவர் உருகினார். சான் பிரான்சிஸ்கோ மைதானத்துக்கு வெளியே தண்ணீரில் படகு போட்டுக்கொண்டு, அவர் அடிக்கும் பந்துக்காகக் காத்திருப்பார்கள் என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2004ஆம் ஆண்டில் எதிர் அணிகள் பாண்ட்ஸுக்கு மட்டைக்கு எட்டும் பந்தே போடாமல், 'நீ அடிக்கவே வேண்டாம், ஓடிக் கடக்க வேண்டிய நான்கு முனைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்து போ' என்று வேண்டுமென்றே அனுப்பியது எத்தனை முறை தெரியுமா? 120 முறை. எந்த ஆண்டிலும் வேறு ஒருவருக்கும் அத்தனை முறை நடந்ததில்லை. குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், ஒருவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்து போவதைப் பார்த்துவிட்டு வருவது! விருந்துக்கு அழைத்துவிட்டு, இலையை மட்டும் காட்டி அனுப்பியதுபோல. படகுக்காரர்களும் பாவம், வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2000ஆம் ஆண்டு கோடையில். கிரிக்கெட்டில் வளர்ந்த கண். பேஸ்பால் என்றால் முழு டாஸாகவே எல்லாப் பந்தையும் போட்டும் அடிக்கத் தெரியாதவர்களின் ஆட்டம் என்று நினைத்திருந்தேன். கணவரின் அலுவலகத்தில் யாரோ கொடுத்த டிக்கெட்டில், அன்று சேஃப்கோ ஃபீல்ட் என்ற பெயரில் இருந்த நம் ஊர் பேஸ்பால் மைதானத்துக்குப் போனோம். விதிகள் எதுவும் புரியவில்லை. அரங்கத்தை ஒட்டி ஓடும் சரக்கு ரயில் ஊதும் சத்தம் மட்டும்தான் புரிந்தது. அப்போது முதல் பேஸில் ஓர் ஆள் நின்றார். முழங்காலை மடித்து, உடம்பைத் தாழ்த்தி, இரண்டு கைவிரல்களையும் காற்றில் துழாவிக்கொண்டே, ஒவ்வோர் அடியாக பேஸை விட்டு விலகினார். பந்து வீசுபவர் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார். அடிக்க நின்றவரை மைதானமே மறந்துவிட்டது. எனக்கு விதி தெரியாது. ஆனால் ஏதோ களவு நடக்கப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. பூனை பாலைப் பார்ப்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அந்த 41 வயதுக்காரரின் பெயர் ரிக்கி ஹெண்டர்சன் என்றும், பேஸ் திருடுவதில், அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேருவதில், அவரை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது என்றும் பின்னால்தான் தெரிந்தது. வாழ்நாளில் 1,406 திருட்டு. அந்த ஒரே ஆண்டுதான் நம் சியாட்டில் அணியான மரைனர்ஸ் சட்டையைப் போட்டார். தெரியாமலே ஒரு மகானைத் தரிசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 2001 ஏப்ரலில், ஜப்பானிலிருந்து வந்து நம் அணிக்குக் களம் இறங்கினார் இச்சிரோ சுசுகி. ஜப்பானில் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் மட்டைவீச்சில் முதலிடம் பிடித்தவர். ஆனாலும் இங்கே பந்து வீசுபவர்கள் ஒருபக்கம், இச்சிரோவின் உடம்பு ஒருபக்கம். இந்த ஒல்லி உடம்பு தாங்குமா என்று கேட்டவர்கள் நிறைய. அந்த முதல் ஆண்டிலேயே 242 ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடிப் பத்திரமாக பேஸைப் பிடித்த அடிகள், 56 திருட்டு, சிறந்த புதுமுகம், லீகின் மிகச் சிறந்த வீரர் என்று இரண்டு பட்டமும். அணி 116 ஆட்டங்களில் வென்றது. இவை எண்கள்தானே என்பீர்கள். சரி, எண்களை விட்டுவிடுகிறேன். என் மாமியாரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

2004 கோடையில் தஞ்சாவூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். பொழுது போகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அழைத்துப் போனோம். எங்கள் பணத்துக்கு, இச்சிரோ காவல் நிற்கும் வலப்புற வெளிக்களமான ரைட் ஃபீல்ட் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. அத்தைக்கு ஆட்டமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தயிர்சாத டப்பாவை உள்ளே விடுவார்களா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. மூன்றாவது இன்னிங்ஸில் என் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, மற்ற பிள்ளைகள் எல்லாம் சிவனே என்று நிற்கிறார்கள். இந்தப் பிள்ளை மட்டும் ஏன் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கமாட்டேன் என்கிறான்?"

பார்த்தேன். இச்சிரோ ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே காலை அகட்டி உட்கார்ந்து எழுகிறார். தோளை முறுக்குகிறார். முட்டியைத் தொட்டுக் குனிந்து நிமிர்கிறார். ஐந்தாறு முறை அல்ல, ஆட்டம் முழுக்க. மூன்று ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்துவந்த எனக்கு இது தெரியவே தெரியாது. ஏனென்றால் கேமரா அப்போது பந்து வீசுபவரையும் அடிப்பவரையும்தான் காட்டும். தன்னிடம் பந்து வராத ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வீரர் என்ன செய்கிறார் என்பதை மைதானத்தில் இருப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும். விளம்பரமே புரியாத என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். எதிரணித் தலைவர் இருபது ஆண்டுகளாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்.

பிறகு இச்சிரோ மட்டை பிடிக்க வந்தார். வலது கையை நீட்டி மட்டையை நட்டுக்குத்தாகப் பந்து வீசுபவரை நோக்கிப் பிடித்து, இடது கையால் சட்டைத் தோளை லேசாக இழுத்துவிட்டுக்கொள்வார், நினைவிருக்கிறதா? அதன் பிறகு நடந்ததை அத்தை பாணியிலேயே சொல்கிறேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் கேட்டால், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டா குடத்தைத் தூக்குவோம்? கை பாதி வேலையில் இருக்கும்போதே கால் வாசலுக்குப் போய்விடும். இச்சிரோவுக்கும் மட்டை பந்தைத் தொடும்போதே கால் புறப்பட்டிருக்கும். பந்து தரையில் பட்டு, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போகிறது. மற்றவர் அடித்திருந்தால் பந்தை எடுத்து, தையலைப் பிடித்து, நிதானமாக எறிவார்கள். இவருக்கோ எடுப்பதற்கு முன்பே கை பதறுகிறது. 90 அடி ஓட்டம். எறிந்த பந்து கையுறையில் விழும் சத்தமும் இவர் கால் பேஸில் படும் சத்தமும் அடுத்தடுத்து. ஆள் தப்பிவிட்டார் என்று மைதானத்து நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். அத்தை தயிர்சாதத்தை மறந்துவிட்டார்.

அந்த ஆண்டில்தான், ஒரே ஆண்டில் 257 ஹிட் என்று ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் வைத்த சாதனையை இச்சிரோ தாண்டினார். 84 ஆண்டுகள் யாரும் தாண்டாத எண். சிஸ்லர் 154 ஆட்டங்களில் அடித்தார், இவருக்கு 162 கிடைத்தது என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கிடைத்ததுதான். அந்த எட்டு ஆட்டங்கள் மற்றவர்களுக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தனவே, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அக்டோபர் 1 அன்று, நம் ஊர் மைதானத்தில், வாணவேடிக்கை புகை கலைவதற்குள் இச்சிரோ இருக்கை வரிசைப் பக்கம் போய், அங்கே உட்கார்ந்திருந்த சிஸ்லரின் மகளுக்குக் கை கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அப்போது 81 வயது. ஆண்டு முடிவில் 262 ஹிட். அதில் 225 முதல் பேஸ் வரை மட்டுமே போகும் வெறும் ஒற்றைகள். எறும்பு ஊரக் கல் தேய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

அவருக்கு ஓங்கி அடிக்க வராது என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். அவர் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் மைதானத்துக்குப் போவார் போலிருக்கிறது. முன்னதாகவே போய் பயிற்சியைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். இச்சிரோ வரிசையாகப் பந்துகளை ரசிகர்கள் நடுவே அனுப்பிக்கொண்டிருப்பார். ஆட்டம் தொடங்கியதும் அந்த வித்தையை மடித்து வைத்துவிட்டு, வேலையைப் பார்ப்பார்.

இனி அவருடைய கை. 2001 ஏப்ரல் 11, ஓக்லண்டில் நடந்த ஆட்டம். முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடிய டெரன்ஸ் லாங்கை, ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்த ஒரே எறியில் வெளியேற்றினார். பந்து தரையைத் தொடவே இல்லை. இதை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விளைவை நேரில் பல முறை பார்த்தேன். எதிர் அணிக்காரர் இரண்டாவது பேஸைத் தாண்டி வேகமாக வருவார். பந்து ரைட் ஃபீல்டில் உருளும். இச்சிரோ குனிந்து எடுப்பார். அவ்வளவுதான், ஓடி வந்தவர் பிரேக் போட்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு பேஸுக்குத் திரும்பிவிடுவார். எறியவே இல்லை, ஐயா! தெருமுனையில் தலைமையாசிரியரைக் கண்ட பையன்போல் ஓடுகிறவர் திரும்புகிறார். மறுநாள் பத்திரிகையின் எண் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது. நடக்காத ஒன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? பார்த்தவன் மட்டும் பார்த்தான்.

எதிரணித் தலைவரின் கண்கள் கலங்கியது கிரிஃபியைப் பற்றிப் பேசும்போதுதான். நான் நக்கல் செய்யமாட்டேன். அந்த மட்டைவீச்சின் அழகை மறுப்பவருக்கு ரசனை கிடையாது. ஆனால் அவரே சொன்னார், 1995 அக்டோபர் 8 அன்று பழைய கிங்டோம் அரங்கத்தில் தான் இருந்ததாகவும், வாழ்நாளில் அதைவிடப் பெரிய தருணத்தைப் பார்த்ததில்லை என்றும். அன்று என்ன நடந்தது? நியூயார்க்கின் யாங்கீஸ் அணிக்கு எதிராக 11ஆவது இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். எட்கர் மார்ட்டினெஸ் இடது மூலைக்கு ஒரு டபுள், அதாவது இரண்டாவது பேஸ் வரை போகக் கிடைக்கும் அடி, அடித்தார். ஹோம் ரன் அல்ல, டபுள். கிரிஃபி அப்போது மட்டையோடு நிற்கவில்லை. முதல் பேஸில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து புறப்பட்டு, இரண்டைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, ரன் கணக்காகும் கடைசி முனையான ஹோமில் வந்து சறுக்கி விழுந்தார். 6-5, வெற்றி. சக வீரர்கள் குவிந்து விழுந்த அடியில் அவர் சிரித்துக்கொண்டு கிடக்கும் படம் நம் ஊர் உணவகங்களில் எல்லாம் மாட்டியிருக்கிறது. ஐயா, 630 ஹோம் ரன் அடித்தவரைப் பற்றி உங்கள் நெஞ்சில் நிற்கும் காட்சி, அவர் ஓடிய காட்சி! நீங்கள் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியவர், நாற்காலி மாறிவிட்டது.

ஷோஹெய் ஓட்டானியை எதிரணி தங்கள் சீதனமாக எழுதிக்கொண்டது. 2024இல் 54 ஹோம் ரன் என்றார்கள். அதே ஆண்டு 59 பேஸ் திருடினார் என்பதை ஏன் விழுங்கிவிட்டார்கள்? ஐம்பதுக்கு மேல் ஹோம் ரன் அடித்தவர்கள் அவருக்கு முன்பே நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரும் கூடவே ஐம்பது திருடியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், ஐயா.

2025இல், பேஸ்பால் பெரியவர்களின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இச்சிரோவைச் சேர்க்க வாக்கெடுப்பு நடந்தது. 394 பேர் வாக்களித்தார்கள். 393 பேர் ஆம் என்றார்கள். போடாத அந்த ஒருவரைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார் இச்சிரோ, சேர்ந்து குடிக்கலாம் என்று. யாரும் போகவில்லை. ஜூலையில், அந்த மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் ஊர் விழா மேடையில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தார். அந்த ஒருவர் இன்று எதிரணியில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியாக 2012 ஜூலை 23. அன்று பகலில்தான் இச்சிரோவை யாங்கீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிரவே அதே சேஃப்கோ ஃபீல்டில் நமக்கு எதிராக ஆட்டம். சாம்பல் நிறச் சட்டை, முதுகில் 51 என்ற எண்ணுக்குப் பதில் 31. மட்டை பிடிக்க வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து வணங்கினார். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. பிறகு, கடமை தவறாமல், நம் பந்தில் ஒரு ஹிட் அடித்தார். கையோடு இரண்டாவது பேஸையும் திருடினார். நம் வீட்டிலேயே திருடியவருக்கு நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தஞ்சாவூருக்கு தொலைபேசியில் சொன்னேன், அத்தை, அந்தப் பிள்ளை வேறு அணிக்குப் போய்விட்டான் என்று. எந்த அணி, எவ்வளவு சம்பளம் என்று எதுவும் கேட்கவில்லை.

"அங்கே போயும் கைகாலை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறானா?"

"ஆமாம் அத்தை, நேற்றும் அப்படித்தான் நின்றான்."

"சரி, அப்படியானால் நன்றாக இருப்பான்" என்று சொல்லிவிட்டு, பேரனைக் கூப்பிடச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.