பிள்ளை முதலில் சொல்லும் ஆள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சிறுவர் சுரண்டலை இனங்காணவும், இனங்கண்டபின் உரிய முறையில் செயற்படவும் உத்தியோகத்தர்களை எவ்வாறு பயிற்றுவிக்கவேண்டும் என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். நீண்டகாலம் ஆசிரியராகவும், பின்னர் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பாகவும் இருந்து, இப்பொழுது இத்தகைய செயலமர்வுகளை நடத்துபவர்களில் ஒருத்தியாக இருக்கின்றேன். யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு செயலமர்வின் தேநீர் இடைவேளையில், குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்ன விடயத்திலிருந்து தொடங்குகின்றேன். ஆளையும் இடத்தையும் எவரும் அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியிருக்கின்றேன்.

பிள்ளை பெற்ற தாயொருவரின் வீட்டுக்கு அவர் வழமையான தரிசிப்புக்காகப் போயிருக்கிறார். பாடசாலை நாள், காலை பத்தரை மணி. கைக்குழந்தையை நிறுத்துக்கொண்டிருக்கையில், குசினி வாசலில் பன்னிரண்டு பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறார். அவருடைய குடும்பப் பதிவேட்டின்படி அந்த வீட்டில் அந்த வயதில் ஒரு பிள்ளை இல்லை. விசாரித்தபோது, "அவ என்ர பெறாமகள், இஞ்ச நிண்டு படிக்கிறா" என்று வீட்டுக்காரி சொல்லியிருக்கிறார். "எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளை?" என்று இவர் கேட்க, அந்தப் பிள்ளை வாய் திறப்பதற்கு முன் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்திருக்கிறது. பதில் வீட்டுக்காரியிடமிருந்துதான் வந்தது. "எல்லாம் கண்டனான் ரீச்சர். ஆனா என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. குழந்தையின்ர நிறையை எழுதிப்போட்டு வந்திட்டன்" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தமுறை அவர் அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பிள்ளை அங்கே இருக்கவில்லை.

அவரை அலட்சியமானவர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பாடசாலை நேரம், பதிவேட்டில் இல்லாத பிள்ளை, பதிலுக்கு முன்னர் இன்னொருவரின் முகத்தைப் பார்க்கும் கண்கள் என்று காணவேண்டியவை அனைத்தையும் அவர் கண்டிருந்தார். கண்டதற்கு என்ன பெயர், அதை யாரிடம், எந்தச் சொற்களில், அன்றைக்கே எப்படிச் சொல்வது என்பதை அவருக்கு எவரும் பழக்கியிருக்கவில்லை. நமது பயிற்சிகளின் குறை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதும் அவர்களுக்குக் கொடுமை இழைப்பதும் தனித்தனிக் குற்றங்களாக வகுக்கப்பட்டன. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை நிறுவுவதற்கான சட்டம் 1998 இல் வந்தது. கட்டாயக் கல்வியின் மேல் வயது 2016 இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது, வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 இல் பதினாறானது. ஆகவே, பெறாமகளோ வேலைக்காரப் பிள்ளையோ, அந்த வயதுப் பிள்ளை பாடசாலை நாளில் காலை பத்தரை மணிக்குக் குசினி வாசலில் குந்தியிருப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. செயலமர்வுகளில் இந்தச் சட்டங்களைப் பிரிவு பிரிவாகத் திரையில் காட்டுகின்றோம், பங்குபற்றியோர் குறிப்பெடுக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஆனால் மறுநாள் ஒரு பிள்ளை வந்து முன்னால் நிற்கும்போது அந்தப் பிரிவு இலக்கங்கள் எவருக்கும் உதவுவதில்லை.

முதலில் பழக்கவேண்டியது கண்ணை. சுரண்டப்படும் பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளை அகப்படாது. அது பெரும்பாலும் வகுப்பில் குழப்படிக்காரப் பிள்ளையாகவோ, மேசையில் தலைவைத்து நித்திரை கொள்ளும் பிள்ளையாகவோ, கிழமைக்கு இரண்டு நாள் வராத பிள்ளையாகவோதான் நம் கண்ணில் படுகிறது. வீட்டில் வசதியில்லாத பிள்ளையின் கையில் திடீரென்று விலைகூடிய தொலைபேசி ஒன்று இருந்தால், "ஆர் வாங்கித் தந்தது?" என்று அதட்டிக் கேட்பது நமது வழக்கம், அதோடு பிள்ளையின் வாய் மூடிவிடும். வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் சிவப்புக் கோட்டை வகுப்பாசிரியர் ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்க்காமல், இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று தன்னைத்தானே கேட்கவேண்டும். ஆண்பிள்ளைகள் விடயத்தில் நமது கண் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. "பெடியனுக்கு என்ன நடக்கப்போகுது" என்று சொல்லும் சமூகத்தில் ஆண்பிள்ளை வாய் திறப்பதற்கு ஆண்டுகள் எடுக்கலாம். கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் என்று 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த குற்றம், ஆண், பெண் என்ற பேதம் பார்ப்பதில்லை என்பதைப் பல உத்தியோகத்தர்கள் அறிந்திருக்கவில்லை என்பதையும் நான் கண்டிருக்கின்றேன்.

அடுத்து, காதைப் பழக்கவேண்டும். இதற்கு நான் விரிவுரை செய்வதில்லை. இரண்டு ஆசிரியர்களை எதிரெதிரே இருத்தி, ஒருவரைப் பிள்ளையாக நடிக்கச் சொல்வேன். "ரீச்சர், ஒண்டு சொல்லோணும். ஆனா நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்று பிள்ளை தொடங்கும். அனேகமாக எல்லோருமே, "ஐயோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், சொல்லு ராசாத்தி" என்றுதான் பதில் சொல்கிறார்கள். அன்பினால் சொல்லும் அந்த வாக்குறுதியை மறுநாளே மீறவேண்டி வரும், மீறும்போது அந்தப் பிள்ளை நம்பியிருந்த கடைசி ஆளும் இல்லாமற் போய்விடுவார். "உன்னைப் பாதுகாக்க ஆருக்குச் சொல்லவேணுமோ அவைக்கு மட்டும் சொல்லுவன், அதையும் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்" என்று சொல்லப் பழகவேண்டும். அதன்பின் வருவது கேள்விகள். "மாமா உன்னைத் தொட்டவரோ? எங்க தொட்டவர்? எத்தினை தரம்?" என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். அக்கேள்விகளில் பிள்ளை சொல்லாத ஒருவரும் பிள்ளை சொல்லாத ஒரு செயலும் ஏற்கெனவே நுழைந்துவிடுகின்றன, நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வதும் அதையேதான். "என்ன நடந்தது எண்டு சொல்லு", "பிறகு?" என்ற இரண்டுமே முதலில் கேட்பவருக்குப் போதும். மிகுதியைக் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேறு இருக்கிறார்கள்.

பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுதிவைப்பதும் இதனோடு சேர்ந்தது. பிள்ளை தன் உடலுறுப்பொன்றுக்கு வீட்டில் வழங்கும் செல்லப் பெயரைச் சொல்லியிருக்க, நாம் அதை "பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தப்பட்டதாகத் தெரிவித்தார்" என்று அலுவலகத் தமிழில் எழுதினால், பிள்ளையின் சாட்சியம் அந்த வரியோடு போய்விடுகிறது. வாக்குமூலம் பதிபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கேட்டுப் பெறும் துணிவும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். ஒரே கதையை அதிபருக்கும், கிராம அலுவலருக்கும், பொலிசாருக்கும், வைத்தியருக்கும் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வருவது அந்தக் கொடுமையை மீண்டும் மீண்டும் அனுபவிப்பதற்குச் சமமாகும். சிறுவர் சாட்சியத்தின் ஒளிப்பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கு 1999 ஆம் ஆண்டிலேயே சட்டம் வழி செய்தது இந்தச் சுமையைக் குறைப்பதற்காகவே.

சம்பவம் அண்மையில் நடந்ததாயின், பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்புத் தோய்த்து, சாமி கும்பிடவைத்து அழைத்துவரும் தாய்மாரின் மனம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆயினும் உடுப்பைத் தோய்க்காமல், ஷொப்பிங் பைக்குள் இறுக்கிக் கட்டாமல், கடதாசியில் சுற்றிச் சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுவரவேண்டும் என்பதைத் தாய் முதலில் நாடும் குடும்பநல உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் தெரிந்திருக்கவேண்டும். தொலைபேசியில் வந்த படத்தையும் அழிக்கக்கூடாது. "ஆதாரத்துக்காக" என்று சக ஆசிரியர்களுக்கு அனுப்பவும் கூடாது, அப்படி அனுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை புதிதாகக் காட்சிப்பொருளாகிறது.

நான் அதிகம் வலியுறுத்துவது ஒன்று உண்டு. ஆசிரியருக்கு ஒரு நாள், பொலிசாருக்கு இன்னொரு நாள், வைத்தியத்துறையினருக்கு வேறொரு நாள் என்று தனித்தனியே பயிற்சி வைப்பதை நிறுத்தி, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் பணிபுரியும் அனைவரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, ஒரு கற்பனைச் சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவர்களே நடத்திப் பார்க்கச் செய்யவேண்டும். நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் ஒரு பிள்ளை ஆசிரியரிடம் வந்து, வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஒரு மணித்தியாலம் போகவேண்டும், அன்றைய கடைசிப் படகும் போய்விட்டது. அன்றிரவு அந்தப் பிள்ளை எங்கே, யாருடைய பொறுப்பில் படுக்கும்? குற்றம் சாட்டப்படுபவர் அதே வீட்டில் இருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை ஒரு மண்டபத்தில் கேட்டபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பொலிஸ் உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். இருவரும் நீண்டகாலமாக ஒரே பிரிவில் பணிபுரிபவர்கள், அன்றைக்குத்தான் ஒருவர் இலக்கத்தை மற்றவர் குறித்துக்கொண்டார்கள்.

பயிற்சி பெறவேண்டியவர்களின் வட்டமும் அரச ஊழியரோடு நின்றுவிடக்கூடாது. 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தன் பொறுப்பிலுள்ள இடம் சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படுகிறது என்று அறிந்தவர் அதை உடனடியாக அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். விடுதி முகாமையாளர், ரியூசன் நிலைய உரிமையாளர், கணினி நிலையம் நடத்துபவர் ஆகியோரில் எத்தனை பேருக்கு இதை நாம் எடுத்துச் சொல்லியிருக்கின்றோம்? "பொம்பிளைப் பிள்ளையின்ர விசயம், நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி இருக்கு" என்று பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசிமுடிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. அப்படித் தப்பவிடப்பட்டவரின் கையில் அடுத்த பிள்ளை அகப்படுகிறது. ஆகவே கோயில் பரிபாலன சபையாரும் சனசமூக நிலையத்தாரும் அந்த மண்டபத்தில் வந்து இருக்கவேண்டும்.

அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் அன்று பிற்பகல் பயிற்சியில் பிள்ளையாக நடிக்க முன்வந்தார். எதிரே இருந்த இளம் ஆசிரியர் முதல் இரண்டு முறையும் கேள்விகளை அடுக்கினார். மூன்றாம் முறை, "ம்… பிறகு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட நேரத்துக்குப் பின், பிள்ளையாக நடித்த குடும்பநல உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தி, "நான் அங்க படிக்கேல்லை, வேலைதான் செய்யிறன்" என்றார்.

ஏதேனும் ஒரு பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.