மழைத்தண்ணீர் புகுந்த டிவியும் ஃப்ரிஜ்ஜும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே மும்பையில் தாராவி, சயான், குர்லா பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவுக்குக்கூட வேண்டாம். பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், தண்ணீர் வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் ஏறிவிடும். வடிந்த பிறகு பலரும் துணியால் துடைத்துவிட்டு, "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்விட்சைப் போடுகிறார்கள். பிழைக்க வேண்டிய டிவி அந்த நொடியில்தான் போய்விடுகிறது.

சாக்கடை கலந்த தண்ணீரில் உப்பும் அழுக்கும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான சர்க்யூட் போர்டில் கரண்ட் பாய்ந்தால் செம்புக் கோடுகள் கரைந்து, பக்கத்துக் கோட்டை நோக்கிப் பச்சையாகப் படரும். ரிமோட்டில் அணைத்த டிவியிலும் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் தண்ணீர் வாசலைத் தொடும்போதே மெயினை அணைத்துப் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மட்டும் மெயினைத் தொடாதீர்கள். மின்சாரக் கம்பெனிக்குச் சொல்லி வெளியே துண்டிக்கச் செய்யுங்கள்.

அடுத்தது, பலர் நம்ப மறுக்கும் விஷயம். சேறு காய்வதற்குள் போர்டைக் கழுவ வேண்டும். காய்ந்த உப்பு, ஜூலை மாதத்து ஈரக்காற்றை உறிஞ்சி மறுபடி அரிக்க ஆரம்பிக்கும். அரிசி மூட்டைக்குள் புதைப்பது வீண். அரிசி உப்பை எடுக்காது, மாவுத்தூசியைத்தான் உள்ளே விடும்.

டிவியைத் திறந்ததும் பவர் சப்ளையிலுள்ள பெரிய கெப்பாசிட்டரை, அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உருளையைக் கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் சில நொடி இணைத்து இறக்கி, மல்ட்டிமீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததா என்று பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மைக்ரோவேவை யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. அதன் கெப்பாசிட்டர் ஆளையே கொன்றுவிடும்.

போர்டைத் தனியாகக் கழற்றி, முதலில் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். லேமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்கும். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வயர் செருகும் கனெக்டருக்குள்ளும், ஐசி எனும் கறுப்புச் சில்லுகளின் கால்களுக்கு இடையிலும் நிதானமாகத் தேயுங்கள். வெள்ளையும் பச்சையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிவி பேனலிலும் ஸ்பீக்கரிலும் இதை ஊற்றாதீர்கள். பிறகு ஃபேன் காற்றில் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், ஈரத்தை ஐசிக்கு அடியில் தள்ளும்.

இப்போதும் நேராக மின்சாரம் கொடுக்க வேண்டாம். சீரீஸ் போர்டு வேண்டும், அதாவது பல்ப் வழியாக மட்டும் மின்சாரம் தரும் சோதனைப் பலகை. ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். ஃபேஸ் வயர் 100 வாட் குண்டு பல்ப் வழியாகச் சாக்கெட்டுக்குப் போகும். நியூட்ரல் நேராகப் போகும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. டிவியைச் செருகியதும் பல்ப் ஒருமுறை பளிச்சென்று மின்னி அடங்கினால், கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறிவிட்டது, நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். உடனே பிடுங்கி பிரிட்ஜ் டையோடு, பவர் டிரான்சிஸ்டர், வாரிஸ்டர் மூன்றையும் அளந்து பாருங்கள். பல்ப் இருந்தாலும் போர்டில் ஷாக் அடிக்கும்; கை வைக்காதீர்கள்.

பேனலின் விளிம்புக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் திரையில் கறையோ கோடோ விழும். புதுப் பேனல் விலைக்கு வேறு டிவியே வாங்கலாம். அதில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மிக்ஸி, வாஷிங் மெஷின் மோட்டார்களுக்கு சீரீஸ் பல்ப் போதாது. மூன்று நான்கு நாள் காயவைத்து, மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரில், மோட்டாரின் கம்பிச்சுற்றான வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஃப்ரிஜ் கம்ப்ரசர் சீல் செய்த உருளை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். அதைக் கிளப்பிவிடும் ரிலேயும், சூடேறினால் நிறுத்தும் ஓவர்லோடும்தான் கெடும், இரண்டையும் மாற்றிவிடலாம்.

தண்ணீரில் மூழ்கிய எக்ஸ்டென்ஷன் போர்டு, எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் வந்தால் அணையும் ஸ்விட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் ஸ்விட்ச்), உப்பிய செல்போன் பேட்டரி ஆகியவற்றைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். ஆர்சிசிபி புதிதாக மாட்டும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்; ஆர்சிசிபி தானாக அணைந்தால் மட்டும் வீட்டுக்கு மின்சாரம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.