மறுபடியும் கை ஓங்கச் செய்வது குடியா, மனமா?

நடுவர் அவர்களே, அல்சூரில் கூடியிருக்கும் பெங்களூர்த் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். மனைவியை அடித்து வழக்கு வரை போனவன் மீண்டும் அடிப்பதற்குக் குடியே காரணம் என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்தார். மனப்போக்கே முதற்காரணம் என்பது எங்கள் வாதம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன்மாரின் மனைவியரில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குடிப்பழக்கமே இல்லாத கணவனோடு வாழ்பவர்களிலும் சுமார் 23 பேர் அத்தகைய வன்முறைக்கு ஆளாகியிருப்பதாக அதே ஆய்வு சொல்கிறதே, அந்த வரியை ஐயா ஏன் வாசிக்கவில்லை? வழியில் போக்குவரத்துக் காவலரிடம் கைகட்டிப் பணிவாக நின்றவனுக்கு, வீட்டு வாசலைத் தாண்டியதும் மட்டும் எப்படி நிதானம் தவறுகிறது? யாரை அடித்தால் கேட்பாரில்லை என்ற கணக்கைக் குடிப்பதற்கு முன்பே அவன் மனம் போட்டுவிட்டது.

அந்தக் கணக்குக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் அச்சம். மனைவி தன்னைக் கைவிட்டுவிடுவாளோ என்ற பதற்றமும் சந்தேகமும் இத்தகைய ஆண்கள் பலரிடம் மிகுந்திருப்பதைக் கனடிய உளவியலாளர் டொனால்ட் டட்டன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவள் தாய்வீட்டுக்குப் புறப்படும் நேரமே ஆபத்தான நேரமாக மாறுவது இதனால்தான். அடித்த மறுநாள் மல்லிகைப்பூவோடு வந்து அழுகிறானே என்பீர்கள். அழுகை பொய்யாக இல்லாமலும் இருக்கலாம்; ஆனால் "அவள்தான் என்னைத் தூண்டினாள்" என்ற நியாயம் உள்ளே அப்படியே இருக்கும்வரை, அந்த அழுகை அவனுடைய குற்றவுணர்வைக் கரைக்குமே தவிர, அடுத்த அடியைத் தடுக்காது.

தண்டனை போதாதா என்று கேட்டார்கள். அமெரிக்காவின் மினியாபோலிஸில் நடந்து 1984இல் வெளியான ஆய்வு, கைது செய்தால் மறுகுற்றம் குறைவதாகக் காட்டியது உண்மையே. பின்னர் மற்ற நகரங்களில் அதைச் செய்து பார்த்தபோது, வேலையில் இருந்தவர்களிடம் பலன் தந்த அதே கைது, வேலையற்றவர்களிடம் சில இடங்களில் வன்முறையைக் கூட்டியது. இழப்பதற்கு மதிப்பு இருந்தவன் அடங்கினான். மற்றவன் கைதை அவமானமாக எடுத்துக்கொண்டு அவள்மேலேயே வஞ்சம் வைத்தான் என்பது என் கருத்து.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் நம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, எதிர்மனுதாரரை, அதாவது புகாருக்கு ஆளான கணவனை, தனியாகவோ மனைவியுடன் சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. குடிதான் முழுக் காரணம் என்றால் போதை மறுவாழ்வு மையமே போதுமே, இந்தப் பிரிவு எதற்கு? ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறேன்: அந்த ஆலோசனையில் அவனை முதலில் தனியாக உட்கார வையுங்கள். அவள் பக்கத்தில் இருந்தால், அங்கேயும் அவன் அவளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பான்.